லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு பீப் சைட்டா, ஸ்கோப்பா?

நண்பர்களே, என்னிடம் இருப்பது பழைய மார்லின் 336, அடியில் உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி; தேர்ட்டி-தேர்ட்டி ரகத் தோட்டா போடுவது. மான் வேட்டைக்கு மட்டும்தான். அடர்ந்த காடு என்பதால் 100 கஜத்தைத் தாண்டிச் சுடுவது அபூர்வம்.

கூடவே வந்த பக்ஹார்ன் சைட் (கொம்பு போல வளைந்த, நடுவில் பள்ளமுள்ள பின் குறிகாட்டி) இப்போது கண்ணுக்கு ஒத்துவரவில்லை. வயது 50ஐத் தாண்டியதிலிருந்து பின் சைட் மங்கலாகத்தான் தெரிகிறது. போன சீசனில் அந்தி நேரத்தில் ஒரு மான் எதிரிலேயே நின்றும், குறி உறுதியாகாததால் சுடாமல் விட்டேன். காயப்படுத்தி ஓடவிடுவதைவிட அது மேல்.

மனம் பீப் சைட் பக்கம், அதாவது சிறு துளையுள்ள பின் குறிகாட்டி பக்கம் சாய்கிறது. துளை வழியாகக் குழல் முனையில் உள்ள முன் மணியை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் மங்கிய வெளிச்சத்துக்குத் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? முன் மணியையும் உயரமானதாக மாற்ற வேண்டி வருமா?

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வை என்கிறான் மகன். என் மார்லினில் காலித் தோட்டா பக்கவாட்டில் வெளியேறும், பழைய வின்செஸ்டர் 94 போல மேலே தெறிக்காது. அதனால் பொருத்தத் தடையில்லை. உருப்பெருக்கம் 1 முதல் 4 மடங்கு போதும்தான். ஆனால், ஸ்கோப்புக்கு அடியில் சுத்தியலை (சுடுமுன் பின்னுக்கு இழுக்கும் பாகம்) இழுக்கக் கட்டைவிரலுக்கு இடம் இருக்காதே! சுத்தியலில் பக்கவாட்டு நீட்டிப்பு மாட்டியவர்கள், கையுறையோடு அது எப்படி என்று சொல்லுங்கள். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) வேண்டாம், பேட்டரி சமாச்சாரம் எனக்கு ஆகாது.