மறுமொழி: ஹாக்வீட் = பன்றிக்களை?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹாக்வீட் என்கிற ஹெராக்ளியம் பேரினச் செடிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே வந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பன்றிக்களைக்கு ஆதரவு கூடிக்கொண்டே போவதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

> ஹாக் என்றால் பன்றி, வீட் என்றால் களை. பன்றிக்களை என்றே வைத்துவிடலாம். எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் நம் மூக்கிரட்டைக்கும் ஆங்கிலத்தில் ஹாக்வீட் என்றுதான் பெயர். தரையோடு படர்ந்து, சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூ பூக்கும் அதே மூக்கிரட்டை. ஆள் உயரத்துக்கு எழும்பிக் குடை விரிக்கிற, நாம் பேசும் செடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலக்காரர் பன்றி தின்கிற செடிக்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் தமிழுக்குள் இறக்குமதி செய்ய வேண்டும்?

'வீட்' எல்லாம் களையும் இல்லை. சீவீட் என்பதை நாம் கடற்பாசி என்கிறோம், கடற்களை என்பதில்லை.

> பேரினப் பெயர் ஹெர்குலிஸிலிருந்து வந்தது. நமக்குப் பீமன் இருக்கிறானே? ஹெராக்ளியம் = வீமம்!

படித்துவிட்டுச் சிரித்தேன், ரசித்தும்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஹெராக்ளியம் என்று எழுதியபோது மனதில் இருந்தது அந்தக் கிரேக்க வீரன் பெயர்தான். ஆனால் அறிவியல் பெயர் ஒரு முகவரி மாதிரி. அதை மொழிபெயர்த்தால் கடிதம் போய்ச் சேராது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. வட அமெரிக்க இனத்தை நெடுங்காலம் ஹெராக்ளியம் லனாட்டம் என்றார்கள். லனாட்டம் என்றால் கம்பளி போல் மயிர் அடர்ந்தது. அந்தப் பெயர் 1803இல் மிஷோ என்ற தாவரவியலாளர் கொடுத்தது. அதே செடிக்கு 1791லேயே பார்ட்ரம் என்ற இன்னொருவர் மாக்ஸிமம், அதாவது மிகப்பெரியது, என்று பெயர் வைத்திருந்தார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடல் விதி, எனவே இன்று மாக்ஸிமம். நாம் அன்றைக்கே 'கம்பளி வீமம்' என்று பெயர்த்திருந்தால் இப்போது 'மிகப்பெரு வீமம்' என்று மாற்ற வேண்டும். அதிலும் வேடிக்கை, இருப்பதிலேயே பெரியது அது இல்லை. ஐந்து மீட்டர் வரை வளரும் காக்கசஸ் மலை இனம்தான் பெரியது. அதன் பெயரிலோ உயரமே இல்லை. 1895இல் சொம்மியே, லெவியே என்ற தாவரவியலாளர்கள் மான்டெகாட்ஸா என்ற இத்தாலிய அறிஞரைச் சிறப்பித்து மான்டெகாட்ஸியானம் என்று சூட்டினார்கள். ஆகவே பேரினமும் இனமும் சேர்ந்த இந்த இருசொற்பெயரை ஒலிபெயர்ப்போம், அதோடு விட்டுவிடுவோம். நாம் தேட வேண்டியது பொதுப்பெயரை மட்டும்.

பொதுப்பெயர் என்றால் செடியைப் பார்த்து வைப்போமே. இந்தச் செடியின் குடும்பத்துக்குப் பெயரிடல் விதியே இரண்டு பெயரை ஏற்கிறது: ஏபியேசி, பழைய அம்பெல்லிஃபெரே. இரண்டாவதன் பொருள் 'குடை தாங்குவது'. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட் எல்லாம் இதே குடும்பம். ஒரே புள்ளியிலிருந்து காம்புகள் கம்பிபோல் விரிய, ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மறுபடி ஒரு குட்டிக் குடை. ஆகவே 'குடை' பெயரில் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் குடை மட்டும் போதாது, அது குடும்பத்துக்கே பொது. இவற்றைப் பிரித்தறிய வகைப்பாட்டாளர்கள் பார்ப்பது காயை. 1672லேயே ராபர்ட் மோரிசன் என்ற தாவரவியலாளர் இந்தக் குடும்பத்தைக் காயை வைத்துத்தான் பிரித்தார். ஹெராக்ளியத்தின் காய் முற்றியதும் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: காகிதம்போல் தட்டை, முட்டை வடிவம், மேலிருந்து பழுப்புக் கோடுகள் இறங்கும். அவை எண்ணெய்க் குழல்கள். அடிவரை வராமல் பாதி வழியிலேயே, நுனி சற்றுத் தடித்து, நின்றுவிடும். அழகான அடையாளம்தான், ஆனால் பெயருக்குள் அடங்காது. 'அரைக்கோட்டுக் காயன்' என்று எழுதிப் பார்த்தேன், நானே அடித்துவிட்டேன்.

மிஞ்சுவது சாறு. தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் விழுந்தால் கொப்புளம் போட்டுவிடும். சாறு தனியாகச் சுடாது, வெயிலும் சேர வேண்டும். காரணம் சாற்றில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள், அவற்றில் ஒன்று சோரலென். கார்போகரிசி என்ற மூலிகை விதையில் இருப்பதும் அதே பொருள்தான். வெண்திட்டுக்குக் கார்போகரிசி பூசி வெயில் காட்டும் பழைய வைத்தியத்தின் சூட்சுமமும் இதுதான். காஞ்சொறி, தொட்டாற்சுருங்கி என்று செடி செய்கிற காரியத்தை வைத்துப் பெயரிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

முதலில் 'கொப்பளிப்பான்' என்று யோசித்தேன். ஈழத்தில் அது அம்மையின் பெயர், விட்டுவிட்டேன். அப்புறம் வந்தது:

சுடுகுடை.

சுடுமண், சுடுநீர் போல வினைத்தொகை. சுட்ட, சுடுகின்ற, சுடும் குடை. காக்கசஸ் ராட்சதனுக்குப் பெருஞ்சுடுகுடை. சோவியத் நாட்டில் மாட்டுத் தீவனத்துக்கென்று பயிரிட்டு, பிறகு கட்டுமீறிப் பரவிய இனம் சொஸ்னோவ்ஸ்கி சுடுகுடை.

> ஈரானில் இதன் காயை மசாலாவாகப் போடுகிறார்களே, அதைச் சுடுகுடை என்பது நியாயமா?

கேள்வி நியாயம் அம்மா. அது பெர்சிகம் என்ற இனம். ஆனால் அதன் பச்சைச் சாறும் சுடத்தான் செய்யும். காய்ந்த காய்க்கு 'கோல்பர்' என்ற பாரசீகப் பெயரையே வைத்துக்கொள்ளலாம். கொத்தமல்லி விதையைத் தனியா என்பதில்லையா?

ஐரோப்பியப் புல்வெளிகளில் சாதாரணமாக வளரும் ஸ்போண்டிலியத்துக்குத்தான் அடைமொழி அகப்படவில்லை. ஸ்போண்டிலியம் என்பது முள்ளெலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது, அதைத் தொட வேண்டாம். 'சிறுசுடுகுடை' போட மனம் வரவில்லை, இரண்டு மீட்டர் வளர்கிற செடி அது. 'புல்வெளிச் சுடுகுடை' கொஞ்சம் நீளம். வேறு தோன்றினால் எழுதுங்கள்.