டபுள் கெப்பில் எத்தனை கிலோ வரை இழுக்கலாம்? நுவரெலியா ஏற வேண்டும்

வெள்ளவத்தையான்:
வணக்கம். கரவன் என்றால் கொழும்பில் எல்லோரும் நிசான் வானைத்தான் நினைக்கிறார்கள். நான் கேட்பது பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் இரண்டு சில்லு வீட்டுவண்டியைப் பற்றி. பட்டறையில் சொல்லிச் செய்வித்தேன். வெறும் எடை 1,150 கிலோ என்றார்கள். என் டபுள் கெப்பின் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப்) கையேட்டில் மூன்று எண்கள் இருக்கின்றன: பிரேக் உள்ள டிரெய்லர் 2,500, பிரேக் இல்லாதது 750, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 4,900. இவற்றில் எது எனக்குரியது? ஏப்ரலில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகிறோம். இன்னொரு விஷயம்: போன ஞாயிறு ஏற்றுவதையெல்லாம் ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புப் பாதையில் ஓடிப் பார்த்தேன். 60ஐத் தொட்டதும் வால் ஆடத் தொடங்கிவிட்டது. காற்றாக இருக்கலாம்.

டீசல் பிரியன்:
3 லீட்டர் டர்போ எஞ்சின் என்றால் கவலையே வேண்டாம். என் மச்சான் இதைவிடப் பெரிய படகை இழுத்துக்கொண்டு திருகோணமலை போய் வருகிறான்.

பழைய லொறிக்காரன்:
தம்பி, மச்சானின் படகை விடுங்கள். திருகோணமலைப் பாதையில் கடுகண்ணாவை ஏற்றமும் இல்லை, இறம்பொடை மலைவளைவுகளும் இல்லை. இழுப்பது எஞ்சினின் வேலை. நிறுத்துவது யாருடைய வேலை? டிரெய்லருக்குப் பிரேக் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் மற்ற இரண்டு எண்களையும் மறந்துவிடுங்கள். உங்களுடையது 750. வெறும் வண்டியே அதைத் தாண்டி நிற்கிறது.

பிரேக் இருந்தால் கணக்கு இப்படி. ஆட்களும் சாமான்களும் ஏறிய டபுள் கெப்பின் எடையை 4,900இலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதையும் 2,500ஐயும் பார்த்து, எது குறைவோ அதுதான் ஏற்றிய டிரெய்லரின் எல்லை. பட்டறை சொன்ன 1,150ஐ நம்பாதீர்கள். மெத்தை, காஸ், தண்ணீர் எல்லாம் ஏறிய பிறகுதான் அது உங்கள் வண்டி.

வால் ஆடியதற்குக் காற்றைக் குற்றம் சொல்ல வேண்டாம். மூக்கில், அதாவது டிரெய்லரைக் கொழுவும் முன்முனையில், எடை குறைந்தால் அப்படித்தான் ஆடும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, டபுள் கெப்பின் பின்னால் அதைக் கொழுவும் கொக்கிக் குண்டின் மேல் அமர வேண்டும். அதற்காக அளவில்லாமல் ஏற்றவும் கூடாது. கொக்கிக்கும் பின் அச்சுக்கும் எல்லை உண்டு, முன் சில்லும் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். மறுபடி ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

லொறி நிறுக்கும் தராசுக்குப் போய் மூன்று முறை நிறுங்கள். முதலில் டபுள் கெப் மட்டும். பிறகு டிரெய்லரைக் கொழுவி, அதன் சில்லுகள் தராசுக்கு வெளியே நிற்க, டபுள் கெப்பை நிறுங்கள்; கூடுவது மூக்கின் எடை. மூன்றாவது, கொழுவியபடியே டிரெய்லரின் சில்லுகள் மட்டும்.

வெள்ளவத்தையான்:
இன்று பழைய இரும்பு வாங்கும் இடமொன்றில் நிறுத்தேன். அம்மா தராசைக் கண்டதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "என் எடையை இரும்புக் கடைக்காரன் ஏன் துண்டில் எழுத வேண்டும்?" என்று குடையை விரித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். துண்டில் வந்தவை: டபுள் கெப் 2,560. கொழுவிய பிறகு 2,610. டிரெய்லரின் சில்லுகள் 1,470. அப்படியானால் டிரெய்லர் 1,520, மூக்கில் வெறும் 50. பிரேக் இல்லை. டபுள் கெப்பின் பிரேக்கே போதும் என்று பட்டறையில் சொன்னார்கள். 19 லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஆறையும் பின் சுவரோடு அடுக்கியிருந்தேன்.

பழைய லொறிக்காரன்:
அந்தப் போத்தல்கள்தான். ஆறும் சேர்ந்து 114 கிலோ, அதுவும் வாலின் நுனியில். அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?

வெள்ளவத்தையான்:
அளந்தேன். அச்சுக்குப் பின்னால் 1.8 மீட்டர். அச்சிலிருந்து கொக்கிக் குண்டு வரை 3.6 மீட்டர்.

பழைய லொறிக்காரன்:
சரி பாதி. போத்தல்களை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தாலே மூக்கில் 57 கிலோ கூடும், 107 ஆகும். அச்சுக்கு முன்னால் 0.9 மீட்டரில் வைத்தால் இன்னும் 28. ஏறக்குறைய 135. காஸ் சிலிண்டரையும் முன்பக்கம் கட்டுங்கள், 150ஐ எட்டிவிடலாம். கையேட்டில் குண்டின் எல்லையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரேக்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிரெய்லர் முன்னே தள்ளும்போது மூக்கிலுள்ள தண்டு உள்ளே அமுங்கி, கம்பியை இழுத்து, சில்லுப் பிரேக்கைப் பிடிக்கும் வகை ஒன்று இருக்கிறது. அதைப் பூட்டுவியுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வாருங்கள். தொடர்ந்து மிதித்தால் சூடேறி, மிதி தரை வரை போகும். இறம்பொடையில் ஒருமுறை எனக்கு அது நடந்தது. மண்மேட்டில் உரசி நிறுத்தினேன்.

ஒரு சந்தேகம்: 2,560இல் அம்மா இருக்கிறாரா?

வெள்ளவத்தையான்:
இல்லை. கேட்கும் துணிவும் இல்லை. 70 என்று போட்டுக்கொண்டேன். 4,900இலிருந்து 2,630ஐக் கழித்தால் 2,270 மிஞ்சுகிறது. என்னிடம் இருப்பது 1,520. எடை இடிக்கவில்லை. பிரேக்குக்காக நாளை பட்டறைக்குப் போகிறேன்.