மாநகர நல அலுவலரின் வேலை என்ன? மகளின் மேற்படிப்பு குறித்து ஒரு கேள்வி

கேள்வி: அஸ்தம்பட்டி அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியின் கடைசி மாதங்களில் இருக்கிறாள். குழந்தை மருத்துவம் எடுப்பாள் என்று நாங்கள் எண்ணியிருக்க, அவளோ நோய்த்தடுப்பையும் ஊரின் பொதுநலனையும் பார்க்கும் சமூக மருத்துவம் படித்து ஒரு மாநகராட்சியின் நல அலுவலராக வர வேண்டும் என்கிறாள். 2020 மார்ச் 24 அன்று அவள் பிளஸ் டூவின் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வீடு திரும்பினாள். அன்று மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்ததும், முகக்கவசத்துடன் பணியாளர்கள் வாசல் வாசலாக வந்து காய்ச்சல் விசாரித்ததும் அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன.

என் அண்ணன், "நோயாளியைத் தொடாத டாக்டர் வேலை எதற்கு?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெருந்தொற்றில் ஊரின் சுகாதாரப் பணிக்குத் தலைமை ஏற்கும் மருத்துவர் உண்மையில் என்ன செய்கிறார்? அவர் சொல் நடக்குமா, அல்லது ஆட்சியரும் ஆணையரும் எடுத்த முடிவை நிறைவேற்றுபவர் மட்டும்தானா? அருகிலிருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அம்மா, சேலத்தைச் சுற்றியுள்ள ஓர் உள்ளாட்சியில் நான் கொரோனா காலம் முழுவதும் பணியில் இருந்தேன். எங்கள் மருத்துவர் காலை ஆறரைக்கு எங்களைக் கூட்டுவார். நேற்று எத்தனை பேருக்கு பாசிட்டிவ் என்று அவர் முதலில் கேட்டதே இல்லை. எந்த நோயாளியின் தொடர்புப் பட்டியல் இன்னும் முடியவில்லை என்றுதான் கேட்பார். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும் என்பதால், அந்த இரண்டு நாளில் அவர் எங்கே உட்கார்ந்தார், யாருடன் சாப்பிட்டார் என்பதுவரை எழுத வேண்டும்.

ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையை மறக்க முடியாது. பத்துக்குப் பத்து அறை. பற்றவைக்கும்போது சுடர் அலையக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் சாத்தியிருந்தார்கள். அங்கே வேலை செய்த ஒருவருக்குத் தொற்று உறுதியானது. தம்மிடம் மொத்தம் இரண்டு பேர்தான் என்று பட்டறைக்காரர் சாதித்தார். தரையில் ஆறு மணைப்பலகைகள் கிடந்தன. மருத்துவர் அதைப் பார்த்தும் அதட்டவில்லை. "பதினான்கு நாள் கூலி போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியுமா?" என்று கேட்டார். பிறகு வார்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அரிசி, பருப்பு, காய்கறி வீட்டுக்கே வரும் என்று உறுதி வாங்கிக் கொடுத்தார். அன்று மாலை பட்டறைக்காரரே மீதி நான்கு பெயர்களையும் சொன்னார். அவர்களில் இருவருக்குத் தொற்று இருந்தது. வழக்குப் போட்டு மிரட்டியிருந்தால் அந்த நான்கு பேரும் நான்கு ஊருக்குப் போயிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தவறும் நடந்தது. பட்டியலில் கதவு எண் மாறிப்போய், நோயே இல்லாத ஒரு வீட்டில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டிவிட்டோம். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பால்காரர் பால் ஊற்ற மறுத்துவிட்டார். எங்கள் மருத்துவர் அந்தத் தெருவுக்கே வந்து, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டு, ஒட்டிய தாளைத் தம் கையாலேயே கிழித்தார்.

பதில் 2: பொதுச் சுகாதார மருத்துவர்

அதிகாரம் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நல அலுவலருக்குத் தொற்றுநோய்த் தடுப்பில் நேரடி அதிகாரங்களைத் தந்திருக்கிறது. ஆனால் கொரோனாவின்போது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நடைமுறையில் இருந்ததால், மாவட்ட அளவில் தலைமை ஆட்சியரிடம் இருந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டீன் வேறொரு இயக்குநரகத்தின் கீழ் வருபவர். கிராமப்புறம் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநரின் பொறுப்பு. சேலத்துக் கொண்டலாம்பட்டியில் மாநகர எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகும் ஒரு நெசவாளியின் நோய் நல அலுவலர், துணை இயக்குநர் இருவர் கோப்பிலும் இருக்கும், அல்லது எவர் கோப்பிலும் இல்லாமல் போகும். இவர்களை இணைத்துப் பேசுவதிலேயே நல அலுவலரின் பாதி நாள் போய்விடும்.

அவருடைய சொல்லுக்கு வலிமை தருவது கணக்கு. காய்ச்சல் கண்டவர்களில் சிலருக்கு மூச்சுத்திணறல் வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே இன்று வீடுவீடாக எடுத்த காய்ச்சல் கணக்கு அடுத்த வாரத்துப் படுக்கைத் தேவையைச் சொல்லிவிடும். 2021 மே 20 அன்று சேலம் உருக்காலையில் 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட முடிவுகளைப் பலர் சேர்ந்துதான் எடுக்கிறார்கள் என்றாலும், எத்தனை படுக்கை, எந்தத் தேதிக்குள் என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

1918 இன்ஃபுளுவென்சாவின்போது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரச் சுகாதாரத் தலைவராக இருந்த மருத்துவர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப், அக்டோபர் 7 அன்றே பள்ளிகளையும் அரங்குகளையும் மூடவைத்தார். பிலடெல்ஃபியாவிலோ செப்டம்பர் 28 அன்று பெரும் ஊர்வலத்தை அனுமதித்துவிட்டார்கள்; அடுத்த சில நாட்களில் அங்கே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ஆனால் செயின்ட் லூயிஸிலும் நவம்பரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் நோய் மீண்டும் ஏறி, மறுபடியும் மூட வேண்டியதாயிற்று. மூடுவதைவிட எப்போது திறப்பது என்று சொல்வதுதான் கடினம் என்பது என் கருத்து. உங்கள் மகள் இந்த இரண்டு நகரங்களின் வரலாற்றையும் இப்போதே படிக்கலாம்.

பதில் 3: ஏற்காட்டு ஆசிரியை

"நோயாளியைத் தொடாத டாக்டர்" என்ற சொல் என்னை வருத்துகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் எங்கள் மலையில், 2021இல் ஒரு காபி எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசி முகாம் வந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். முகாமுக்குப் பொறுப்பான மருத்துவர் குப்பியைத் திறக்க வேண்டாம் என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு, தாமே லைன் வீடுகளுக்கு நடந்தார். அங்கே தயங்கிய மூவரில் ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதால் பயந்திருந்தார். பால் கொடுக்கும் தாய்மார்கள் போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதியே அந்த மே மாதத்தில்தான் வந்திருந்தது. மற்ற இருவருக்கும் மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலி போய்விடுமே என்ற கவலை. மருத்துவர் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். அந்தத் தாய் மட்டும் உடன் வந்தார். மற்ற இருவருக்காக அடுத்த முகாமை வார விடுமுறைக்கு முந்தைய நாளில் வைத்தார்கள். அன்று இருவரும் போட்டுக்கொண்டார்கள்.

அஸ்தம்பட்டி அம்மா

மூவருக்கும் நன்றி. மகளும் உடனிருந்து படித்தாள். பட்டறைப் பகுதியை என் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மேற்படிப்பில் சேர்வதற்கு முன் இந்த வேலையை அவள் நேரில் பார்க்க வழி உண்டா, ஐயா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

உண்டு அம்மா. நல அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்து அனுமதி வாங்கி, டெங்கு தடுப்புப் பணியாளர்களுடன் ஒரு வாரம் வார்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து டிரம்மிலும் தொட்டியிலும் சேர்த்து வைப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அங்கேதான். முன்பின் தெரியாத ஒரு வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர் முகம் சுளிக்காமல் டிரம் மூடியைத் திறந்து காட்டும்படி பேச முதலில் பழகட்டும். டார்ச் விளக்கு ஒன்று கொண்டுபோகட்டும்; மூடியைத் திறந்ததும் புழு அடிக்கு இறங்கிவிடும்.