மறுமொழி: "ஸ்டியரிங் பிளே" – தமிழில் என்ன?

வணக்கம்.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் திரும்பாமல் இருக்கும் அந்த அசைவுக்கு, அதாவது 'ஸ்டியரிங் பிளே'க்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நாலு நாளாக ஓடுகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நாம் இங்கே சொல் தேடிக்கொண்டிருந்த அதே வாரத்தில் அண்ணனின் பிக்கப்புக்கு அந்த வியாதியே வந்துவிட்டது. பதினெட்டு வருஷப் பழசு. முன்பக்கமும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்து, இரண்டு முன்சக்கரத்துக்கும் ஒரே நேர் அச்சு போட்ட வண்டி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிப் போகும். செக்கானூரணி தாண்டி நேர் ரோட்டில்கூட ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது என்றார். சனிக்கிழமை கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் விட்டோம். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

> 'தளர்வு' போதாதா? எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். தளர்வு என்றதும் அது கோளாறு, முடுக்கிவிட வேண்டியது என்று ஆகிவிடுகிறது. கிளட்ச் பெடலிலும் பிளே உண்டு. அது இருந்தே தீர வேண்டும். அறவே இல்லாமல் வைத்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேய்ந்துவிடும். இருக்க வேண்டிய அளவுக்கும் தேய்ந்து வந்த கோளாறுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாடப்புத்தகம் எழுதுபவர் திண்டாடுவார்.

> 'இயங்கிடைவெளி' என்று வைக்கலாம்.

இடைவெளி இரண்டு உருப்படிகளுக்கு நடுவே இருப்பது. ஓட்டுநர் கைக்குத் தெரிவது இடைவெளி இல்லை, அதனால் வரும் அசைவு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ளதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ('விளையாட்டு' என்று எழுதிய நண்பர் கிண்டலுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.)

இனிப் பட்டறைக்கு வருகிறேன். பையன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்ட, மெக்கானிக் அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக நகர்ந்தால் சரி. ஒரு பக்கம் கிளம்பி மறு பக்கம் பின்னால் வந்தால், "இங்க ஆட்டம்ணே." டைராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ஒன்றில் ரப்பர் கிழிந்து, கிரீஸும் மண்ணும் சேர்ந்து களியாகக் கிடந்தது. அப்புறம் ஜாக்கி போட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். டக், டக். பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி உலுக்கினார். சத்தம் நிற்கவில்லை. "பேரிங்கா இருந்தா பிரேக்க மிதிச்சதும் நின்னுருக்கும். இது கிங்பின்தேன்." கிங்பின் என்பது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப நிற்கும் ஆணி.

எல்லாம் முடிந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்: "ஸ்டேரிங்கு நாலு விரக்கட வெறுஞ்சுத்தா சுத்துதுண்ணே." (விரக்கடை என்றால் ஒரு விரல் அகலம்.)

எனக்கு அந்த இடத்தில் சொல் கிடைத்துவிட்டது. வெறுஞ்சுற்று. சுற்றுகிறது, ஆனால் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வெறுங்கை, வெறுஞ்சோறு, வெறுவயிறு என்று புழங்கும் நாக்குக்கு விளக்கமே வேண்டாம். 'மின்சுற்று' என்பதோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள். கராஜில் நிற்பவருக்குக் குழம்பாது. கிளட்ச் பெடலுக்கு இதையே கொண்டுபோகலாம்: வெறுமிதி. "வெறுமிதி இவ்வளவு இருக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை. இருக்க வேண்டியதா, மிஞ்சிப் போனதா என்பதை அளவு சொல்லட்டும். சொல் அதில் தலையிடவில்லை.

மூட்டு தேய்ந்து வரும் 'ஆட்டத்தை' ஆட்டமாகவே விட்டுவிடலாம். இரண்டும் வேறு என்பதற்கு அண்ணன் வண்டியே சாட்சி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் வெறுஞ்சுற்று 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது (ஆங்கிலத்தில் அங்கே 'பேக்லாஷ்' என்று இருக்கிறது). கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள தூரம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். நாலு விரக்கடை அதற்குள் அடங்கிவிடும். ஆக, வெறுஞ்சுற்றில் வண்டி தேறிவிட்டது. கிங்பின்னில் ஆட்டமோ டயரையே உலுக்குகிறது. மேலும் கீழுமாக இருக்கும் ஆட்டம் ஸ்டியரிங்கில் அப்படியே தெரிய வேண்டுமென்று இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 'பிளே' என்று ஒரே சொல் வைத்தது ஆங்கிலத்தின் பாடு. (அதே விதியில் ஸ்டியரிங் மூட்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும் என்றும் இருக்கிறது. அண்ணன் அதில் தோற்றார்.)

> சஸ்பென்ஷன் – தொங்கல் அமைப்பு. ஷாக் அப்சார்பர் – அதிர்வுதாங்கி

முதலாவதற்கு என்னிடம் மாற்று இல்லை. அந்தக் காலத்துக் கோச்சு வண்டிகளின் உடலைத் தோல்வாரில் தொங்கவிட்டதால் ஆங்கிலத்தில் அந்தப் பேர் பொருந்தியது. நம் பிக்கப் பட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, தொங்கவில்லை. இரண்டாவது தப்பு. பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்குவது பட்டை. ஷாக்கின் வேலை, தாங்கிய பட்டை திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது. பானெட்டின் ஓரத்தை அழுத்தி விடுங்கள்: ஒரு தரம் எழுந்து அடங்கினால் ஷாக் நல்லது, மூன்று நாலு தரம் ஊஞ்சலாடினால் போய்விட்டது. ஆகவே 'துள்ளடக்கி' என்கிறேன். வாடிவாசல் பக்கத்து ஆட்களுக்கு இது இனிக்கும்.

பட்டைக்குப் பட்டை போதும். இன்னொன்றையும் சேர்க்கிறேன்: பட்டைக் கண்ணில் (பட்டை முனையின் துளையில்) இருக்கும் புஷ் என்ற உறை தேய்ந்தால் அச்சே முன்னும் பின்னும் நகர்ந்து வண்டி அலையும். ஸ்டியரிங் பெட்டியை எத்தனை தரம் முடுக்கினாலும் தீராது. அண்ணன் போன வருஷம் வேறொரு இடத்தில் இரண்டு தரம் முடுக்கக் காசு கொடுத்திருக்கிறார்.

கடைசியாகக் கிங்பின். 'அச்சாணி' வேண்டாம். அது சக்கரம் கழன்று ஓடாமல் தடுப்பது. இது சக்கரம் இடமும் வலமும் திரும்ப நிற்கும் ஆணி. நம் பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. பலகையின் மேல் முனையும் கீழ் முனையும் குழிக்குள் நின்று சுழலும். அந்த முனைக்குக் குடுமி என்று பேர். பட்டறையில் சக்கரத்தைத் திருப்பிக் காட்டியபோது எங்கள் பாட்டி வீட்டுக் கதவுதான் ஞாபகம் வந்தது. குழி தேய்ந்து, திறக்கும்போதெல்லாம் தரையை உரசும். கிங்பின்னைக் குடுமியாணி என்றால் பொருள் தானாக வந்துவிடுகிறது.

குடுமியாணி நின்று சுழலும் உறையான புஷ்ஷுக்குத்தான் சொல் வேண்டும். குடுமி நிற்கும் அந்தக் குழியைத் தச்சர்கள் என்ன சொல்கிறார்கள்? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒரு ஆசாரியிடம் கேட்டு எழுதுங்கள். புதன்கிழமை வண்டி எடுக்கப் போகிறேன். மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்க்கலாம், சிரிக்கிறாரா என்று.