வீட்டுக் கம்ப்யூட்டர்: ஓடவிடுவதா, அணைப்பதா? புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

புதிதாக வெளிநாடு வந்து வீடு பிடித்தவர்கள் முதல் மின்கட்டண பில் வந்ததும் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓடவிடலாமா, வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டுமா? பலருக்குத் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுந்து போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர் என்ன வேலை செய்துகொண்டிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பேக்கப் எடுக்கிறது, பெரிய ஃபைல் இறங்குகிறது என்று ஏதாவது பதில் வந்தால் ஓடட்டும். பதில் வரவில்லை என்றால் ஸ்லீப்பில் போடுங்கள். இரவு படுக்கப் போகும்போது ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன், வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் (இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கீழே சொல்கிறேன்). பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

இனி கணக்கு. பில்லில் கிலோவாட்-மணி என்று போட்டிருப்பது நாம் யூனிட் என்று சொல்வதுதான். 1000 வாட் சாதனம் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். சாதாரண டெஸ்க்டாப் ஒன்று எந்த வேலையும் செய்யாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே சுமார் 40 முதல் 80 வாட் வரை இழுக்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் மெஷின் என்றால் இன்னும் கூடுதல். மானிட்டர் தனியாக 15 முதல் 30 வாட். லேப்டாப் சும்மா இருக்கும்போது பெரும்பாலும் 5 முதல் 15 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

நடுவாக 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். வருடம் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் 525 யூனிட் சொச்சம். அதில் நீங்கள் தினம் 8 மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்றால் மீதி 16 மணி நேரத்துக்கு மட்டும் 350 யூனிட் வீணாகப் போகிறது. அதே 16 மணி நேரம் ஸ்லீப்பில் இருந்தால் 2 வாட் கணக்கில் 12 யூனிட்கூட ஆகாது. உங்கள் பில்லில் ஒரு யூனிட் விலை என்னவென்று பார்த்து 350-ஆல் பெருக்கிப் பாருங்கள். வந்த புதிதில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவு செய்பவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

என் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டும் சின்ன மின்மீட்டர் கிடைக்கிறது. யாரிடமாவது இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் உங்கள் மெஷின் ஓடும்போது எவ்வளவு, தூங்கும்போது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

“அணைத்து மறுபடி ஆன் செய்தால் அப்போதுதான் கரண்ட் அதிகம் செலவாகும்” என்று சொல்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பூட் ஆகும் ஒரு நிமிடம் 100 வாட் இழுத்தாலும் அது 60 வாட்டில் இரண்டு நிமிடம் சும்மா ஓடுவதைவிடக் குறைவு. ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடலாம். ஸ்கிரீன் சேவரும் அப்படித்தான். பழைய குழாய் மானிட்டர்களில் ஒரே படம் நிலையாக நின்று திரையில் தழும்பு விழாமல் இருக்க வந்தது அது, மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. திரை தானாக அணையும்படி வையுங்கள்.

அடிக்கடி அணைத்தால் மெஷின் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1946-இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை சூடேறும்போதும் ஆறும்போதும்தான் அதிகம் பழுதாகின என்பதால் அதை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். இன்றைய மெஷினில் அந்தக் குழாய்கள் இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும்கூட டெஸ்க்டாப் வகைகள் பலவற்றுக்கு 50,000 தடவை நின்று கிளம்பும் அளவுக்குத் தாங்குதிறன் சொல்லப்படுகிறது. தினம் இரண்டு தடவை அணைத்தாலும் அந்த எண்ணை எட்ட 68 வருடம் ஆகும். சில்லுகளில் சேமிக்கும் புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. மாறாக, ஓடிக்கொண்டே இருந்தால் ஃபேன் தேயும், தூசி சேரும், சூடு தங்கும். ஒற்றை அறையில் வசிப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கமும் கெடும்.

அப்புறம் ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன் மூன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்ததெல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அதைத் தாங்க ஒன்றிரண்டு வாட் போய்க்கொண்டிருக்கும், நடுவில் கரண்ட் போனால் சேமிக்காத வேலையும் போகலாம். ஹைபர்னேட்டில் எல்லாமே டிஸ்க்கில் எழுதப்பட்டு மெஷின் அணைந்துவிடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. விண்டோஸில் இந்த ஹைபர்னேட் பட்டன் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இடத்தில் டிக் அடித்தால் மெனுவில் வந்து உட்காரும்.

ஷட் டவுனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயல்பாகவே ஆனில் இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி டிஸ்க்கில் அப்படியே பத்திரமாகி, அடுத்த நாள் அங்கிருந்தே தொடரும். “தினமும் அணைக்கிறேன், ஆனாலும் மெஷின் மந்தமாகவே இருக்கிறது” என்பவர்கள் இதைக் கவனியுங்கள். முழுக்கப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும், அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்ய வேண்டும். வாரம் ஒரு ரீஸ்டார்ட் என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம்.

அப்டேட் விஷயத்தில் நம்மைப் போல நேரம் மாறி வேலை செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரப்படி காலையில் வெளியிடுகிறது. சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர்களுக்கு அது புதன்கிழமை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால், யாரும் பயன்படுத்தாத நேரம் என்று அது நினைக்கும் நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். நீங்களோ வேறொரு நாட்டு நேரத்துக்கு நள்ளிரவில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் கையால் கொடுங்கள், 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். கம்ப்யூட்டர் புதிய நாட்டு நேரத்துக்கு மாறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இன்னமும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களே, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினை நாள் முழுக்க இணையத்தில் விட்டுவைப்பது நல்லதல்ல.

நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, கரண்ட் பில்லை எல்லாரும் சமமாகப் பிரிக்கிறோம். என் டெஸ்க்டாப் எப்போதும் ஆனில்தான் இருக்கும். இதனால் பிரச்சினை வருமா?” வரும் தம்பி. யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், மனதுக்குள் வைத்திருப்பார்கள். ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் மீட்டர் மாட்டிக் காட்டி, அந்த யூனிட்டை நீங்களே கூடுதலாக ஏற்றுக்கொள்ளுங்கள். வாடகைக்குள்ளேயே கரண்ட் அடக்கம் என்றாலும் ஒப்பந்தத்தில் உச்ச அளவு ஏதும் போட்டிருக்கிறதா என்று படித்துவிடுங்கள். இன்னொன்று, பகிர்ந்து வாழும் வீட்டில் எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தி லாக் செய்யுங்கள். பாஸ்போர்ட் நகல், விசா தாள், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

“குளிர் நாடுதானே, கம்ப்யூட்டர் ஓடினால் அறை சூடாகும், ஹீட்டர் செலவு மிச்சம் இல்லையா?” என்றும் ஒரு கேள்வி. பாதி உண்மை. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் வெளியே வருகிறது. உங்கள் வீட்டில் சாதாரண மின்சார ஹீட்டர் இருந்தால், குளிர்காலத்தில், நீங்கள் இருக்கும் அறையில், அந்தச் சூடு வீண் இல்லை. வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் இருக்கும் வீட்டில் கதை வேறு. அது 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வரை சூடு தரும், கம்ப்யூட்டரால் அது முடியாது. கோடையில் ஏசி போட்டால் கம்ப்யூட்டர் தந்த சூட்டை வெளியேற்ற இன்னொரு செலவு. இரவில் மின்கட்டணம் குறைவாக உள்ள திட்டத்தில் இருப்பவர்கள் பேக்கப்பை இரவுக்கு மாற்றலாம், நல்ல யோசனைதான். அதற்கும் மெஷின் விழித்தே இருக்க வேண்டியதில்லை. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த வேலைக்காக மெஷினை எழுப்பும் வசதி இருக்கிறது, வேலை முடிந்ததும் அது மறுபடி தூங்கிவிடும்.

பிளக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வந்த முதல் வாரத்தில் தேவைப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் 230 வோல்ட். லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. கூட எடுத்துவந்தது பழைய டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். 115-இல் வைத்துவிட்டு 230 வோல்ட்டில் சொருகினால் பவர் சப்ளை வெடித்துப் போகும். உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுரீர் என்கிறதா? எர்த் இல்லாத மாற்று பிளக்கில் சொருகியிருப்பீர்கள், எர்த்தோடு கூடிய உள்ளூர் கேபிள் வாங்கி மாற்றுங்கள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சுவர் சாக்கெட்டில் ஸ்விட்ச் இருக்காது. ஸ்விட்சும், வோல்ட்டேஜ் திடீரென எகிறினால் காக்கும் வசதியும் உள்ள எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்று உள்ளூரிலேயே வாங்கிக்கொண்டால், இரவில் மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே விரலால் அணைக்கலாம். ரவுட்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், அது ஓடட்டும்.

லேப்டாப்பை நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். 100-லேயே நிற்பதும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். பையில் வைக்கும் முன் ஹைபர்னேட். ஸ்லீப்பில் வைத்த சில புதிய லேப்டாப்கள் பைக்குள்ளேயே விழித்துச் சூடாகிவிடும்.

வெளியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக அணைக்காமல் வைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறந்து, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை நேராக இணையத்துக்குக் காட்டாதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடி உலகம் முழுக்க மென்பொருள்கள் துழாவிக்கொண்டே இருக்கின்றன. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது, கைவிட்டுப் பல வருடமாகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது, அவ்வளவு ஆபத்து. விபிஎன் என்ற பூட்டிய தனிவழி மூலமாக மட்டும் நுழையுங்கள். மெஷின் ஸ்லீப்பிலேயே இருக்கலாம். பயாஸிலும் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்பு) நெட்வொர்க் கார்டிலும் வேக்-ஆன்-லேன் என்ற, நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதியைப் போட்டு, ரவுட்டரோடு கேபிளால் இணைத்திருந்தால், தேவைப்படும்போது எழுப்பிக்கொள்ளலாம். இந்த வசதியை நேரடியாகவே தரும் ரவுட்டர்களும் உண்டு.

கடைசியாக, நம்மில் நிறையப் பேர் செய்யும் காரியம் ஒன்று. கிளம்பும்போது பழைய டெஸ்க்டாப்பைப் பெற்றோர் வீட்டில் ஆனிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், இங்கிருந்து ஃபைல் எடுத்துக்கொள்ளலாம் என்று. கரண்ட் போய் வந்தால் அது அணைந்து கிடக்கும். உடனே ஃபோன்: “அம்மா, அந்தப் பட்டனைக் கொஞ்சம் அழுத்துங்களேன்.” அங்கே அது இரவு இரண்டு மணியாக இருக்கும். அவர்கள் நம் மேல் உள்ள அன்பில் எழுந்து போய் அழுத்துவார்கள், திரையில் புரியாத எதையோ பார்த்து, நம் வேலையைக் கெடுத்துவிட்டோமோ என்று பயப்படுவார்கள். அந்த மெஷினின் கரண்ட் பில்லும் அவர்கள் தலையில்தான். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் அமைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அடுத்த முறை போகும்போது இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். ஒன்றை அங்கே பத்திரமாக வையுங்கள், இன்னொன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். அடிக்கடி வேண்டியவற்றைக் கிளவுடில் ஏற்றிவிடுங்கள். அந்த நகல்கள் திறக்கின்றனவா என்று நாலைந்து ஃபைலைச் சோதித்துப் பார்த்த பிறகு, டெஸ்க்டாப்பை நீங்களே அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிட்டு வாருங்கள்.