கிராமத்தில் பிபி குறைவு, நகரத்தில் அதிகம்: இந்தக் கணக்கு இன்னும் செல்லுமா?

கேள்வி:
உயர் ரத்த அழுத்தம் நகரவாசிகளின் நோய் என்றே பாடப்புத்தகங்களில் படித்தோம். ஆனால் அண்மைக் கணக்கெடுப்புகள் சிலவற்றில் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். அமெரிக்காவில் கிராமமே முந்துகிறது. எதை நம்புவது? இரண்டு இடத்திலும் முகாம் போட்டு ஒப்பிட்டால் எங்கே தவறு நேரும்?

மறுமொழி 1:
இரண்டுமே சரி. காலமும் நாடும்தான் வேறு. பழைய முடிவுக்கு நல்ல சான்று, கென்யாவின் லுவோ மக்களிடம் நடத்தி 1990-ல் வெளியான ஆய்வு. நைரோபிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே பிபி ஏறியிருந்தது. ஊரிலேயே தங்கியவர்களோடு ஒப்பிட்டால், அவர்கள் சிறுநீரில் சோடியம் (சாப்பிட்ட உப்பைக் காட்டுவது) கூடுதல், பொட்டாசியம் (காய், பழங்களில் கிடைப்பது) குறைவு. நகர 'டென்ஷன்' மேல் மட்டும் பழிபோட முடியாது, சாப்பாடு மாறியதற்குப் பெரிய பங்குண்டு.

இன்று அந்தச் சாப்பாடு கிராமத்துக்கே வந்துவிட்டது. உடலுழைப்பை இயந்திரம் வாங்கிக்கொண்டது. 1985 முதல் 2017 வரை உலகின் சராசரி பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) உயர்ந்ததில் பாதிக்கு மேல் கிராமங்களின் பங்கு. எடை ஏறினால் பிபி பின்னாலேயே வரும்.

மறுமொழி 2:
ஒப்பிடும்போது முதலில் வயதைப் பாருங்கள். இளைஞர்கள் வேலை தேடிப் போய்விட்டால் ஊரில் முதியவர்களே மிஞ்சுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: இரு இடத்திலும் இளையோரில் 10%, முதியோரில் 50% பேருக்கு பிபி. நகரத்தில் முதியோர் 20% என்றால் மொத்தம் 18% வரும். கிராமத்தில் பாதிப்பேர் முதியோர் என்றால் 30%. ஆபத்து ஒன்றேதான், எண் மட்டும் ஏமாற்றுகிறது. வயதுவாரியாகப் பிரிக்காத அட்டவணையை அப்படியே மூடி வைத்துவிடலாம்.

அடுத்தது வரையறை. 'டாக்டர் உங்களுக்கு பிபி என்று சொன்னாரா?' என்று மட்டும் கேட்டால், அளந்தே பார்க்காத கிராமம் ஆரோக்கியமாகத் தெரியும். அன்றைக்கு 140/90 தாண்டியவர்களை மட்டும் எண்ணினால், மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் நகரத்தார் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள். தாண்டியவர்கள், மாத்திரை எடுப்பவர்கள் இரு சாராரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மறுமொழி 3:
முகாமில் கெடுவது பெரும்பாலும் அளவெடுப்புதான். வெயிலில் நடந்து வந்தவரை உட்கார்ந்ததும் அளக்கிறார்கள். 5 நிமிடமாவது சும்மா உட்காரவிடுங்கள். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில். காபி, புகை, கடும் உழைப்பு முடிந்து 30 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், பேசினாலே அளவு ஏறும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிபி வரும். எனவே இரண்டு மூன்று அளவில் பட்டை வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறையாவது அளக்கவும். ஒரே நாள் அளவு கணக்கெடுப்புக்குப் போதும், ஒருவரை நோயாளி என்று முடிவுகட்டப் போதாது.

கேட்டவர்:
தெளிவு, நன்றி. உப்பைக் குறைக்கச் சொல்லும்போது இரு இடத்திலும் ஒரே அறிவுரை போதுமா?

மறுமொழி 4:
போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு இருவருக்கும் ஒன்றே: நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உப்பு வரும் வழிதான் வேறு. பொட்டலத்திலும் கடைச் சாப்பாட்டிலும் வருமானால், லேபிளில் உள்ள சோடியத்தை 2.5-ஆல் பெருக்கி உப்பைக் கணக்கிடக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் அள்ளிப் போடும் உப்பே அதிகமென்றால் உப்பையே மாற்றலாம். சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 75% சோடியம் குளோரைடு, 25% பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14% குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போலப் பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தாறுமாறாகும். முகாமில் உப்பைக் கொடுப்பதற்கு முன் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள்.