சொல் தேவை: வெயில் மிச்சத்தில் காருக்குச் சார்ஜ் போடும் பெட்டி

கோட்டையூர் (திங்கள் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

வருகிற சனிக்கிழமை காரைக்குடியில் எலக்ட்ரீசியன்கள் இருபது பேருக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கிறேன். கூரையில் சோலார் போட்ட வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கினால் எந்தச் சார்ஜரை வாங்கச் சொல்வது, எப்படிப் பொருத்துவது என்பது பாடம். நாலு பக்கக் கையேடு தயார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். தலைப்பில்தான் முட்டி நிற்கிறது.

பொருள் இதுதான். சாதாரணச் சார்ஜர் காரில் சொருகியதும் முடிந்த மட்டும் இழுக்கும். நான் சொல்வது அப்படி இல்லை. மீட்டரிலிருந்து வரும் மெயின் வயரைக் கவ்விக்கொண்டு ஒரு சி.டி. (கரண்டை அளக்கும் வளையம்) இருக்கும். வீட்டுச் செலவு போக எவ்வளவு கரண்ட் வெளியே லைனுக்குப் போகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சார்ஜர் அந்த அளவை மட்டும் காருக்குத் திருப்பிவிடும். மேகம் மூடினால் குறைக்கும், விலகினால் கூட்டும்.

கேட்லாக்கில் 'சோலார் கம்பேட்டிபிள்' என்று போட்டிருக்கிறார்கள். நான் 'சூரிய இணக்க மின்னேற்றி' என்று எழுதினேன். வீட்டில் படித்துவிட்டு, "என்ன, ஜாதகம் பார்க்கிறீங்களா?" என்றாள். வேறு சொல் கொடுங்கள்.

தேவகோட்டை (செவ்வாய் காலை)

தம்பிக்கு, சூரியன் வடசொல். தெரியாமல் எழுதியிருக்க மாட்டீர்கள், அவசரத்தில் வந்திருக்கும்.

ஞாயிறு நல்ல சொல்தான். அதைவிடப் பழையது 'எல்'. 'எல்லே இலக்கம்' என்று தொல்காப்பிய இடையியலிலேயே இருக்கிறது. இங்கே இலக்கம் என்றால் எண் அல்ல, ஒளி. கதிரவனுக்கு எல்லவன், எல்லோன் என்று பெயர் உண்டு. எல்லை என்றால் பகல் என்றும் பொருள் உண்டு. பகலின் வரம்புதான் பிறகு நிலத்தின் வரம்பாயிற்று என்பது என் துணிபு. இதைப் பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, எழுபது பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். வேண்டுவோர் கேட்டால் அனுப்புவேன்.

ஆகவே: எல்லேற்றி. ஐந்தே எழுத்து. தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிற ஊரில் அச்சாகும் கையேடு 'சார்ஜர்' என்று தொடங்கலாகாது.

பள்ளத்தூர் (செவ்வாய் மதியம்)

ஐயா, 'எல்லி' என்ற சொல்லுக்குப் பகல் என்றும் பொருள் சொல்கிறார்கள், இரவு என்றும் சொல்கிறார்கள். பகலில் வெயிலிலும் ராத்திரி இ.பி.யிலும் ஏற்றும் கலப்பு மோடுக்கு வேண்டுமானால் உங்கள் சொல் பொருந்தும். 'ஞாயிற்று மின்னேற்றி' என்றால் வாரத்தில் ஒரு நாள்தான் ஏறுமா என்று கேட்பார்கள். இருபத்தெட்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள் சொல்கிறேன், கேட்பார்கள்.

எனக்கு வேறு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சுவரில் மாட்டும் பெட்டி சார்ஜரே இல்லை. ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தை டி.சி.யாக (நேர்திசையாக) மாற்றி பேட்டரியில் ஏற்றும் சாதனம் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி காரோடு பேசி, "இவ்வளவு ஆம்பியர் எடுத்துக்கொள்" என்று சொல்லி, வீட்டு ஏ.சி. மின்சாரத்தை அப்படியே அனுப்புகிறது. கதவைத் திறந்து மூடுகிற வேலைதான். அதை மின்னேற்றி என்றால் உள்ளே இருப்பதை என்ன சொல்வது? 'மின்னூட்டி' என்றும் வேண்டாம். மின்னூட்டம் என்பது பாடநூலில் கூலும் கணக்கில் அளப்பது. பிள்ளைகள் குழம்புவார்கள்.

இரண்டாவது, இணக்கம் என்பதில் ஒன்றுமே இல்லை. சோலார் இருக்கிற வீட்டில் எந்தச் சார்ஜரைச் சொருகினாலும் வேலை செய்யும். இந்தப் பெட்டியின் தனிக்குணம் பார்த்துப் பார்த்து எடுப்பது. அதற்குத்தான் சொல் வேண்டும்.

கண்டனூர் (செவ்வாய் இரவு)

ஆச்சி சொல்வது முக்கால்வாசி சரி. நான் இந்தப் பெட்டியோடு எட்டு மாதமாகக் குடித்தனம் நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முகப்பை ஒட்டிப் பழைய வண்டிக் கொட்டகை. அங்கேதான் கார் நிற்கிறது. கூரையில் 3 கிலோவாட். நல்ல வெயிலில் 2.4 கிலோவாட் போல வருகிறது, வீட்டுக்கு 400 வாட் போகிறது. மிச்சம் 2 கிலோவாட், அதாவது எட்டரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. பெட்டி பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஏற்றும். பதினொன்றரைக்கு ஆத்தா மேல்தொட்டிக்கு மோட்டார் போடுவார்கள். ஒரு குதிரைச்சக்தி மோட்டார் ஒரு கிலோவாட்டைத் தின்றுவிடும். மிச்சம் நாலு ஆம்பியர் சொச்சம்தான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு மாறும், ஏற்றம் நின்றுவிடும். தொட்டி நிறைந்து மோட்டாரை நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து மறுபடி 'டக்'. ஆத்தாவுக்கு இப்போது அந்தச் சத்தம்தான் மணி.

ஏன் நாலு ஆம்பியரில் ஏற்றக் கூடாது என்றால், கார் சார்ஜருக்கான ஐ.இ.சி. 61851 என்ற உலகத் தரப்படி ஏ.சி.யில் ஆறு ஆம்பியருக்குக் கீழே காருக்குச் சொல்லவே வழியில்லை. 230 வோல்ட்டுக்கு ஆறு ஆம்பியர் என்றால் 1,380 வாட். இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். நம் பக்கம் பெரிய வீடுகளில் திரீ ஃபேஸ் இருக்கிறது என்று திரீ ஃபேஸ் சார்ஜரைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்று ஃபேஸுக்கும் ஆறாறு ஆம்பியர் என்றால் 4,140 வாட். 3 கிலோவாட் பேனல் சித்திரை வெயிலில்கூட அதைத் தொடாது. சிங்கிள் ஃபேஸுக்கு இறங்கத் தெரியாத பெட்டியாக இருந்தால் வெயிலை மட்டும் வைத்து ஒரு நாளும் ஸ்டார்ட் ஆகாது. காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்தான் என்றால் 7.4 கிலோவாட் பெட்டிக்குக் கொடுக்கும் காசும் வீண். அப்புறம் சி.டி.யில் ஒரு அம்புக்குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டினால் போவதை வருவதாகவும் வருவதைப் போவதாகவும் எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மாட்ட வந்தவர் அப்படித்தான் மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் ராத்திரியில் ஏற்றி, பகலில் தூங்கியது.

பெயருக்கு வருகிறேன். 'சோலார்', 'சூரிய', 'எல்' எது முன்னால் வந்தாலும் ஆபத்து. கரண்ட் போனாலும் வெயிலில் ஏறும் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். லைன் போனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானே நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவர் உயிருக்காக. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் கார் ஏறாது. பெயரில் வெயில் வேண்டாம், மிச்சம் வரட்டும். 'உபரி மின்னேற்றி' என்று வைத்துவிட்டுப் போங்கள்.

தேவகோட்டை (புதன் காலை)

உபரியா! அதுவும் வடசொல்தான். வடவெழுத்தை ஒதுக்கி எழுதினால் வடசொல்லும் செல்லும் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறாரே என்பீர்கள். விட்டிருக்கிறார். ஒன்றும் கிடைக்காதபோது போக வேண்டிய வழி அது.

மிகை, மிகுதி, எஞ்சியது எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. 'எச்ச மின்னேற்றி' என்று சொல்ல வாய் வந்தது. பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் முற்றுக்காகக் காத்து நிற்பவை, இதுவும் வெயிலுக்காகக் காத்து நிற்கிறது. ஆனால் காக்கை எச்சமும் நினைவுக்கு வரும். விடுகிறேன்.

இத்தனை நாள் யாரும் பேசாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மின்கலம், மின்கம்பி என்கிறோமே, அது இலக்கணப்படி சரியா? மின், பின், பன், கன் என்னும் நான்கும் தொழிற்பெயர் போல உகரம் பெறும் என்று தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் சொல்கிறது. நன்னூலும் அதையே சொல்கிறது. ஆகவே மின்னுக்கலம், மின்னுக்கம்பி. இதற்குப் பதில் வேண்டும்.

பள்ளத்தூர் (புதன் காலை)

ஐயா, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) திறந்தது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில் மின்கலம் மின்கலமாகவே இருக்கட்டும்.

கானாடுகாத்தான் (புதன் இரவு)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கண்டனூர் அண்ணன் எழுதியதைப் படித்ததும், இதற்கு நம் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே என்று தோன்றியது. மறுகால்.

ஐப்பசி, கார்த்திகையில் நாமே சொல்வோம்: "கண்மாய் பெருகி மறுகால் போகுது." கண்மாய்க்குத் தேவையானது நிறைகிற வரைக்கும் கலுங்கை (மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் கட்டிய கல் தடுப்பை) தாண்டி ஒரு சொட்டு போகாது. நிறைந்த பிறகு வருவதெல்லாம் மறுகால். வீட்டுத் தேவை போக மிச்சம்தான் காருக்கு என்பதும் அதேதான். கலுங்குக்கு ஒரு உயரம் உண்டு. அண்ணன் சொன்ன ஆறு ஆம்பியர்தான் அந்த உயரம். தண்ணீர் வந்துகொண்டே இருந்தாலும் கலுங்கு மட்டத்துக்குக் கீழே இருந்தால் பாயாது. அது மட்டுமில்லை, மேல் கண்மாயின் மறுகால் வீணாவதில்லை, கீழ்க் கண்மாய்க்கு அதுதான் வரத்து. கார்தான் கீழ்க் கண்மாய்.

'மறுகால் மின்னேற்றி'. வகுப்பில் கரும்பலகையில் ஒரு கண்மாய் வரையுங்கள், போதும்.

பள்ளத்தூர் (புதன் இரவு)

அழகாக இருக்கிறது. ஆனால் கண்மாய் தேக்கி வைக்கும், பேட்டரி இல்லாத வீடு எதையும் தேக்காது. இங்கே நிறைவது என்று ஒன்று இல்லை, அந்தந்த நொடிக் கணக்குத்தான்.

என் மகளைக் கொடுத்திருப்பது செங்கல்பட்டுப் பக்கம். அங்கே ஏரி 'கோடி' போகும். மறுகால் என்றால் இன்னொரு காலா என்பார்கள். நாம் 'கோடி மின்னேற்றி' என்று எழுதினால் விலை கேட்டே ஓடிவிடுவார்கள். உபரி அப்படியில்லை. மேட்டூரில் உபரிநீர் திறந்தால் தமிழ்நாடு முழுக்கச் செய்தியில் கேட்கிறது.

தேவகோட்டை (வியாழன் காலை)

கானாடுகாத்தான் தம்பியின் சொல்லுக்கு என் முழு ஆதரவு. எல்லேற்றியைத் திரும்பப் பெறுகிறேன். கால் என்பது வாய்க்காலின் கால். காற்றுக்கும் பெயர், நாலில் ஒன்றுக்கும் பெயர். ஓடுவது, பிரிவது இரண்டும் அதில் உண்டு. ஆனால் லகரத்தின் பின் மகரம் வந்தால் லகரம் னகரமாகும், கல்லும் மலையும் கன்மலை ஆவது போல. ஆகவே 'மறுகான்மின்னேற்றி' என்று அச்சிடவும்.

கண்டனூர் (வியாழன் காலை)

ஐயா, மறுகான் யாரு, மின்னேற்றி யாரு என்று கேட்பார்கள்.

புதுவயல் (வியாழன் மதியம்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நெட் மீட்டர் இருக்கிற வீட்டில் இந்தப் பெட்டி எதற்கு? பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை ராத்திரி எடுத்த யூனிட்டில் கழிக்கிறார்கள். எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவி செய்தபோது எழுதிய பேரேட்டைப் பார்த்திருக்கிறேன், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று, கடைசியில் ஐந்தொகை. நெட் மீட்டர் அதேதான். நான் அதைப் 'பற்று வரவு மீட்டர்' என்றே சொல்கிறேன், மெக்கானிக்குக்கும் புரிகிறது. லைனே நம் கண்மாயாக இருக்கும்போது மறுகாலைப் பிடிக்கத் தனியாக ஒரு பெட்டி வாங்குவானேன்? கையேட்டில் முதல் கேள்வியே "உங்கள் மீட்டர் எது?" என்று இருக்க வேண்டும். பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

கோட்டையூர் (வியாழன் இரவு)

புதுவயல் அண்ணன் சொன்னது முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. நெட் மீட்டர் இல்லாதவர், வெளியே விட்ட யூனிட்டுக்குக் கிடைப்பது எடுத்த யூனிட்டின் விலையைவிடக் குறைவாக இருப்பவர், இவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி லாபம் என்று சேர்த்துவிட்டேன். மற்றவர் சாதாரணச் சார்ஜர் வாங்கினால் போதும். அம்புக்குறிக்குப் படமே போட்டிருக்கிறேன்.

பெயரில் உபரிக்கு ஐந்து பேர், மறுகாலுக்கு மூன்று பேர் (தனியே எழுதியவர்களையும் சேர்த்து). எல்லாருக்கும் அலுத்துவிட்டது என்றும் தெரிகிறது. தலைப்பு 'உபரி மின்னேற்றி'. பெட்டி மின்னேற்றி இல்லை என்ற ஆச்சியின் கட்சி நியாயம்தான், ஆனால் இரவு பதினொன்றரைக்கு 'மின்வாயில்' என்று மாற்றத் தெம்பில்லை.

கானாடுகாத்தான் (வெள்ளி காலை)

சரி. உள்ளே ஒரு வரியிலாவது மறுகால் வரட்டும்.

கோட்டையூர் (ஞாயிறு மாலை)

வகுப்பு முடிந்தது. ஆறு ஆம்பியர் ஏன் என்று கால் மணி நேரம் விளக்கினேன், முகங்கள் அப்படியே இருந்தன. கண்மாயும் கலுங்கும் வரைந்தேன். பின்வரிசையில் ஒருவர், "அப்ப மோட்டார் போட்டா மடையைத் திறந்துவிட்ட மாதிரி, தண்ணி கலுங்குக்குக் கீழ இறங்கிரும்" என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதிரி பில் எழுதச் சொன்னபோது இருபது பேரில் பதினேழு பேர் 'சோலார் சார்ஜர் - 1' என்று எழுதினார்கள். இரண்டு பேர் உபரி. பின்வரிசைக்காரர் மட்டும் 'மறுகால் சார்ஜர்'.

தேவகோட்டை (ஞாயிறு இரவு)

மகிழ்ச்சி. மின்னுக்கலம் பற்றி இதுவரை யாரும் பதில் எழுதவில்லை.